அப்பா விட்டுச்சென்ற புல்லட்



நம் வேதப்புத்தகத்தின் தமிழிலே 'சுதந்தரம்' என்ற சொல் தகப்பன் வழியாய்ப் பிள்ளைகளுக்கு வருகிற பங்கைக் குறிக்கிறது. பட்டணங்களுக்குப் பிழைக்க வந்திருக்கிற நம்மில் அநேகருக்கு அப்படி ஒரு பங்கு ஊரிலே இருக்கும். அது அரை ஏக்கர் நிலமாயிருக்கலாம், ஓட்டு வீடாயிருக்கலாம், ஒரு தையல் இயந்திரமாகவும் இருக்கலாம். எங்கள் வீட்டாருக்கு அது ஒரு மோட்டார் சைக்கிள். 1974-ஆம் வருஷத்து என்ஃபீல்டு புல்லட். நான் குடியிருப்பது அம்பத்தூரில். அது நிற்பதோ சென்னைக்கு ஏறக்குறைய 1,350 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால், தெற்கு அந்தமானின் வண்டூரில்.

வண்டூரைச் சுற்றுலாப் பயணிகள் அறிவார்கள். 1983-இல் ஏற்படுத்தப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்கு அங்கிருந்துதான் படகு ஏற வேண்டும். ஜாலிபாய்த் தீவிலே பவளப் பாறைகளைப் பார்த்துவிட்டு, அன்று மாலையே போர்ட் பிளேருக்குத் திரும்பிவிடுவார்கள். (அந்நகருக்கு 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர், எங்கள் வீட்டில் இன்னும் பழைய பெயர்தான் வாயில் வருகிறது.) படகுத்துறைக்குப் பின்னால் தென்னையும் பாக்கும் வளர்த்து, மீன் விற்று, கொத்து வேலை செய்து வாழ்கிற ஜனங்களைக் காண்போர் குறைவு. என் தகப்பனார் ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து 1970-களில் கப்பலேறிப் போன கொத்தனார். போர்ட் பிளேரில் ஒரு ஒப்பந்தக்காரர் வைத்திருந்த புல்லட்டை 1981-இல் இரண்டாங்கையாய் வாங்கினார். அவருடைய இரண்டு வருஷச் சேமிப்பு அதில் போயிற்று என்று அம்மா சொல்லுவார்கள். சொல்லும் தொனியில் இன்றைக்கும் கொஞ்சம் வருத்தம் உண்டு.

இந்த வண்டியின் பிறப்பிடம் நம் சென்னைதான். இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கிற்று. இராணுவத்துக்கு எல்லைக் காவல் வண்டிகள் தேவைப்பட்டதே அதற்கு முக்கிய காரணம். முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு எல்லாவற்றையும் திருவொற்றியூரிலேயே வார்த்துக் கடைந்தார்கள். இங்கிலாந்தில் 1970-இல் அந்தப் பெயரில் உற்பத்தி நின்றுபோன பின்னும் திருவொற்றியூரில் அதே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. 346 சி.சி., ஒற்றை சிலிண்டர், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். புது வண்டி ஓட்டிப் பழகினவர்கள் இதில் ஏறினால் பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பார்கள்.

என் தகப்பனார் இதை ஓட்டின விதம் கம்பெனிக்காரர்கள் எண்ணியிராத விதம். ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற இடம் அது. சேறு அப்பிச் சக்கரம் நின்றுபோகிறதென்று முன் மட்கார்டை இரண்டு அங்குலம் உயர்த்தினார். பின்னால் இரும்புக் கம்பியால் ஒரு கேரியர் செய்து, அதன்மேல் படாக் மரப் பலகையைத் திருகிப் பொருத்தினார். படாக் அந்தமானுக்கே உரிய சிவந்த மரம். கறையான் எளிதில் தொடாது. அந்தப் பலகையில் சிமெண்டு மூட்டை போயிற்று, தேங்காய் போயிற்று, பிரசவ வலி எடுத்த அடுத்த வீட்டு அக்கா போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கறுப்பாயிருந்த டேங்க் துருப்பிடித்தபோது படகுக்கு அடித்து மீந்த பச்சை எனாமலை அதன்மேல் பூசினார். தூரிகை போன வழியெல்லாம் வரியாய்த் தெரியும்.

2004 டிசம்பர் 26 காலையில் கடல் உள்ளே வந்தது. பூமியதிர்ச்சியில் தெற்கு அந்தமானின் நிலமே ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்துபோயிற்று என்று பின்னர் அளந்து கண்டார்கள். எங்கள் வீட்டார் மேட்டுக்கு ஓடி உயிர் தப்பினார்கள். வண்டியோ கொட்டகைத் தூணில் சாய்ந்தபடி உப்புத்தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் அப்பா முதலாவது செய்த காரியம், வீட்டிலே மீந்திருந்த குடிநீரில் இரண்டு குடத்தை எடுத்து இயந்திரத்தைக் கழுவியது. கிணறுகள் உப்பாகிப்போன நேரம். குடிக்கத் தண்ணீர் எப்போது வருமென்று தெரியாத நேரம். அந்த இரண்டு குடத்தை அம்மா பல வருஷம் மறக்கவில்லை. ஆனாலும் உப்பு காய்வதற்கு முன்பே நல்ல தண்ணீரால் கழுவி, எண்ணெயை வடித்து மாற்றினபடியினால்தான் அந்த இயந்திரம் பிழைத்தது என்று வேலை தெரிந்த எவரும் சொல்லுவார். அதற்குப்பின் சிப்பிகாட் பக்கம் கடல் ஏறும் வேளைகளில் சாலை மேலேயே தண்ணீர் நின்ற காலத்தில், சைலன்சரின் வாயை மேல்நோக்கித் திருப்பி வைத்து அவர் போய்வந்தார்.

2018-க்குப் பின் அவரால் கிக்கரை மிதிக்க முடியவில்லை. 2021-இல் காலமானார். வண்டி தார்ப்பாய்க்குள் கிடந்தது.

2024-இல் கொல்கத்தாவிலிருந்து ஒருவர் வந்து பார்த்து, 1,35,000 ரூபாய் தருவதாய்ச் சொன்னார். பழைய வண்டிகளைச் சேகரிக்கிறவர். கேரியர், பச்சை வண்ணம், உயர்ந்த மட்கார்டு எல்லாவற்றையும் நீக்கி, தொழிற்சாலையிலிருந்து வந்ததுபோல் ஆக்கப்போவதாயும் சொன்னார். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதியின்படி, முதற்பதிவாகி 50 வருஷம் கடந்து, மூல வடிவிலேயே காக்கப்பட்ட வண்டிகளைத் தொன்மை வாகனங்களாய்ப் பதிவு செய்யலாம். பதிவெண்ணிலே 'வி.ஏ.' என்ற இரண்டு எழுத்துகள் சேரும். எங்கள் வண்டிக்கு அந்த வருஷந்தான் 50 நிறைந்தது. ஆனால் அப்படிப் பதிவான வண்டி கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் போகலாம். ஆராய்ச்சிக்கும் பழுது பார்க்கவும் பெட்ரோல் போடவும் சாலையில் வரலாம். தினப்படி வேலைக்கு ஓடலாகாது.

அண்ணன் விற்றுவிடலாம் என்றார். நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த நமக்கு, பிதாக்களின் சொத்தை விற்கலாகாது என்று தொலைவிலிருந்து சொல்லிவிடுவது எளிது. அண்ணனுடைய வீட்டுக் கூரையோ ஒழுகிக்கொண்டிருந்தது. அந்தமான் மழையில் ஒழுகுகிற கூரையின் கீழ் அம்மாவும் படுத்திருந்தார்கள். அம்பத்தூரில் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து ஞாபகங்களைப் பற்றிப் பேசுகிற எனக்கு அங்கே பெரிய அதிகாரம் ஒன்றும் இல்லை.

அப்பொழுதுதான், இது யாருடையது என்று விசாரித்தோம். மூத்த மகனுக்கே எல்லாம் என்று நம் ஜனங்களில் அநேகர் இன்றைக்கும் எண்ணுகிறார்கள். 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் நம்மைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சொல்லுவது வேறு. உயில் எழுதாமல் இறந்தவருடைய சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு. மீதி பிள்ளைகளுக்குச் சமமாக, ஆண் பெண் வித்தியாசமின்றி. நாங்கள் அண்ணன், நான், தங்கை என்று மூன்று பேர். வண்டியை ஒன்பது கூறாக்கினால் அம்மாவுக்கு மூன்று. எங்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு. எங்களில் ஒருவரைவிடவும் அம்மாவுக்கே அதிக பங்கு. நாற்பது வருஷமாய் அந்த வண்டியின்மேல் குறைகூறி வந்தவர்களே அதன் பெரிய சொந்தக்காரியாய் இருந்தார்கள்! இதைச் சொன்னபோது அம்மா சிரித்தார்கள். பிறகு, "விற்க வேண்டாம். கூரைக்கும் வழி பண்ணுங்கள்" என்றார்கள்.

வந்தவர் சொன்ன விலையையே மதிப்பாய் எடுத்து, அண்ணனுடைய இரண்டு கூறுக்கு 30,000 ரூபாய் நான் கொடுத்தேன். தங்கை தன் பங்குக்குப் பணம் வேண்டாம் என்றாள். வருஷத்துக்கு ஒருமுறை வரும்போது ஓட்டக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். கூரைக்குத் தகடு வந்தது. வண்டி வண்டூரிலேயே இருக்கும், அண்ணன் ஓட்டுவார், பதிவு அம்மாவின் பெயரில் என்று தீர்ந்தது. வண்டிக்குச் சொந்தக்காரராயிருக்க ஓட்டுநர் உரிமம் வேண்டியதில்லை என்பது அநேகருக்குத் தெரியாது.

வாசகர்களில் யாருக்காவது இப்படிப்பட்ட வண்டி இருக்குமானால் இதைக் கவனியுங்கள். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் 31-ஆம் படிவத்தில் பெயர் மாற்றம் கேட்க வேண்டும். 15 வருஷம் கடந்த வண்டியின் பதிவை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். எங்கள் வீட்டில் அந்தத் துக்க நாட்களிலே இவை இரண்டும் கிடப்பில் போயின. தாமதக் கட்டணம் செலுத்தினோம். சட்டத்திலும் இயந்திரத்திலும் அடித்திருக்கிற எண்களைத் துருவோடு சேர்த்துத் தேய்த்துவிடாமலும், வண்ணத்தால் மூடிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர் முதலாவது தேடுகிறது அதைத்தான்.

இனி வேலையைப் பற்றி. இயந்திரம் இறுகிப்போயிருந்தது. மிஸ்திரி பிளக்கைக் கழற்றி, டீசலும் எண்ணெயும் கலந்து அந்தத் துளை வழியாய் ஊற்றி, ஒன்பது நாள் ஒன்றும் செய்யாமல் விட்டார். அண்ணன் மகன் கிக்கரை மிதித்துப் பார்க்கத் துடித்தான். மிதித்திருந்தால் கிக்கர்ப் பல் உடைந்திருக்கும். பத்தாம் நாள் வண்டியை நான்காம் கியரில் வைத்து, பின்சக்கரத்தைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் மெதுவாய் ஆட்டினார். அரைமணி நேரத்துக்குப் பின் 'களுக்' என்று பிஸ்டன் அசைந்தது. நான் கைபேசியில் அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

திறந்து பார்த்தபோது சிலிண்டர்ச் சுவரில் துருக்குழிகள். போர்ட் பிளேரில் ஒரு லேத் பட்டறையில் போர் செய்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டோம். இணைப்புத் தண்டின் அடியிலே இந்த 350-இல் உருளை பேரிங் கிடையாது. மிதக்கும் புஷ் ஒன்றே உண்டு. எண்ணெய் ஒழுங்காய் வருமட்டும் அது நெடுங்காலம் உழைக்கும். எங்களுடையது தேய்ந்திருந்தது. புஷ், கேஸ்கட், கிளட்ச் பிளேட், பாயிண்ட், கண்டென்சர், கேபிள்கள் எல்லாவற்றையும் நான் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் மூன்று சனிக்கிழமை அலைந்து வாங்கினேன். வாங்கும்போது பழைய பாகத்தைக் கையில் எடுத்துச்செல்வது நல்லது. எனக்கோ அது கடலுக்கு அப்பால் இருந்தது. ஸ்கேலை அருகில் வைத்துப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஒரு கடையில் கொடுத்த புஷ் வேறொரு மாடலுக்குரியது. கப்பலில் போய்த் திரும்பிவர ஒரு மாதம் ஆயிற்று.

எல்லாவற்றிலும் அதிகப் பிரயாசம் கொடுத்தவை சிறிய போல்ட்டுகள். அலுமினியப் பெட்டிக்குள் இரும்புத் திருகு, நடுவிலே உப்பு. இரண்டும் ஒன்றையொன்று அரித்து இறுகிவிடுகின்றன. பலம் கொண்டு திருகினால் தலை முறிந்து கையோடு வரும். சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்க வேண்டும். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறபடியால் துளை தளர்ந்து பிடி விடும். மிஸ்திரி பதினேழு போல்ட்டுகளைக் கழற்றினார். இரண்டு மட்டுமே முறிந்தன. டேங்குக்குள் கைப்பிடியளவு நட்டுகளையும் சோப்புத் தண்ணீரையும் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தார்கள். பெட்ரோல் ஆவி இருந்த டேங்கில் பற்றவைக்க ஒருவரும் துணியவேண்டாம். காலி என்று நினைத்த டேங்க்தான் வெடிக்கும்.

அண்ணன் மகன் விஷயத்துக்கு வருகிறேன். இருபது வயது. அவன் கைபேசியில் பார்த்த வண்டிகளெல்லாம் பின் மட்கார்டு வெட்டி, ஒற்றை சீட் வைத்து, அகன்ற டயரும் வெடிச்சத்தமுள்ள சைலன்சரும் போட்டவை. "சித்தப்பா, சேசிஸ் பின்பக்கத்தை மட்டும் வெட்டிடலாம்" என்றான். அவன் ஆசையை நான் அற்பமாய் எண்ணவில்லை. அவன் தாத்தாவும் அதே வண்டியை வெட்டி ஒட்டினவர்தானே? ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்திற்று. சட்டத்தை விட்டுவிட்டாலும், உப்புக்காற்றில் ஐம்பது வருஷம் நின்ற இரும்பை வெட்டி ஒட்டி, அதன்மேல் ஒரு பையனை ஏற்றி அனுப்ப என் மனம் இடங்கொடுக்கவில்லை.

அவனுக்குச் சில காரியங்களை விட்டுக்கொடுத்தோம். மங்கலான ஆறு வோல்ட் விளக்கை மாற்றிப் பன்னிரண்டு வோல்ட்டாக்கும் வேலையை அவனே பொறுப்பெடுத்தான். ஒயரிங் முழுவதையும் வரைபடம் பார்த்துப் புதிதாய் இழுத்தான். பிரேக் ஷூ, டயர், ஸ்போக்ஸ் கம்பி இவற்றில் பழமை பேசுவது மூடத்தனம் என்பது என் துணிவு. சக்கரத்துக்குத் துருப்பிடிக்காத கம்பி போட்டோம். மட்கார்டு அப்பா உயர்த்தின உயரத்திலேயே நிற்கிறது. சாலை இப்போது நன்றாயிருக்கிறபடியால் சைலன்சரைக் கீழே இறக்கினோம். கேரியர்க் கம்பி இற்றுப்போயிருந்தது. அதே அளவில் புதிது செய்து, பழைய படாக் பலகையையே இழைத்து மாட்டினோம். அரை அங்குலம் இழைத்ததும் உள்ளே புது மரம்போல் இரத்தச் சிவப்பு.

வண்ணத்தில்தான் கருத்து வேறுபாடு வந்தது. பச்சையைச் சுரண்டினபோது அடியிலே கறுப்பும், அதன்மேல் தங்கநிறக் கோடும் தெரிந்தன. அந்தக் கோடுகள் தூரிகையால் கையாலேயே இழுக்கப்படுகிறவை. சென்னைத் தொழிற்சாலையில் ஒரு குடும்பத்தார் தலைமுறையாய் அந்த வேலையைச் செய்து பேர்பெற்றிருக்கிறார்கள். அவ்வளவு நேர்த்தியான கோட்டைக் கண்டபின் கறுப்பாகவே விட வேண்டும் என்று நான் விரும்பினேன். பதிவுப் புத்தகத்திலும் கறுப்பு என்றே இருந்தது. மிஸ்திரியும் என் பக்கம். அம்மாவைக் கேட்டோம். "கறுப்பு வண்டி யாருடையதோ. உங்கப்பாது பச்சை" என்றார்கள். மூன்று கூறுக்குச் சொந்தக்காரி. வண்ண மாற்றத்தைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றும்படி விண்ணப்பம் கொடுத்தோம், அதுவும் ஏறிற்று. பவுடர் கோட்டிங் வேண்டாம் என்று தீர்மானித்தோம். கடலோரத்தில் அது ஓரிடம் பெயர்ந்தால் உப்பு அதனடியில் ஊர்ந்து தகடு தகடாய்த் தூக்கிவிடும். எனாமல் என்றால் பெயர்ந்த இடத்தை அண்ணனே தொட்டுப் பூசிவிடலாம். இடப்பக்கத்துக் கருவிப் பெட்டியின் மூடியை மட்டும் யாரும் தொடவில்லை. அப்பாவின் தூரிகை வரிகள் அதில் இருக்கின்றன. ஒரு மூலையில் பச்சை உதிர்ந்த இடத்தில் தங்கக்கோடு ஒரு அங்குலம் தெரிகிறது.

மொத்தச் செலவு எழுபதினாயிரத்தைத் தாண்டிற்று. விற்றால் திரும்பி வராத பணம். என் மனைவி கணக்குப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தின் அர்த்தம் குடும்பஸ்தர்களுக்குத் தெரியும்.

கடந்த டிசம்பரில் தங்கை குடும்பமாய் வந்திருந்தாள். கிக்கரை மெதுவாய் மிதித்து, அம்மீட்டர் முள் நடுவே வந்து நிற்கிறதைப் பார்த்து, டீகம்ப்ரஸர் நெம்பை இழுத்துக் கொஞ்சம் தள்ளி, பிறகு ஒரே மிதி. அப்பா எங்களுக்குக் காட்டின முறை அது. பலத்தால் அல்ல, முள்ளைப் பார்த்து. நான்காம் முறை அவளுக்குக் கிளம்பிற்று. பள்ளி மைதானத்தில் இரண்டு சுற்று வந்தாள். மூன்றாம் சுற்றில் பிரேக் என்று கியரை மிதித்து, வண்டி நின்றுபோயிற்று.

அண்ணன் இப்பொழுது வாரத்தில் மூன்று நாள் மீன்கூடையோடு அதில் போர்ட் பிளேர் போகிறார். மழை நாளில் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவுகிறார். அம்மா திண்ணையிலிருந்து, "பார்த்து ஊத்துடா, குடத்துல தண்ணி இருக்கா பாரு" என்று குரல் கொடுக்கிறார்களாம். டேங்க் மூடியின் வாஷர் சரியாய்ப் பொருந்தாமல், ஸ்பீடு பிரேக்கரில் பெட்ரோல் தெறிக்கிறது என்று நேற்று சொன்னார். கார்க் வாஷர் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஊருக்குப் போகிற ஒருவரிடம் அடுத்த கப்பலில் கொடுத்தனுப்ப வேண்டும்.